சாப்பாடு சேர்த்து

அறைக்கு மூவாயிரம்.
சாப்பாடு சேர்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு.
ஆளைக் கொண்டுவந்து இறக்கும் ஓட்டோவுக்கு
அதில் இருநூறு போகும்.
அதை நான் சொல்வதில்லை.

நெடுந்தீவு மேற்கில், எங்கள் வீட்டின் பின்பாதி.
எமிலியானின் தமையன் வந்து இருப்பார் என்று கட்டியது.
அவர் பாரிசில் இருந்து
கட்டிலுக்குக் காசு மட்டும் அனுப்பினார்.
அந்தக் கட்டிலில் இப்போது
குதிரை பார்க்க வந்தவர்கள் படுக்கிறார்கள்.

குதிரையைப் பார்த்துவிட்டு வந்து
கிணற்றைப் பார்ப்பார்கள்.
ஒரு மிடறு வாயில் வைத்து
பிறகு என்னைப் பார்ப்பார்கள்.
சவர். வேறு என்ன சொல்ல.
பவுசர் தண்ணீர் ஆளுக்கு ஒரு வாளி, முகத்துக்கும் வாய்க்கும்.
மாத்தளைப் பெடியன் ஒருவன் அதில் காலைக் கழுவினான்.
அன்று இரவு அவனுக்கு
விளைமீனின் வால்துண்டுதான்.

நடுச்சுவர் கூரை வரை போகவில்லை.
முதலில் கல் முடிந்தது, பிறகு காசு.
வெள்ளைக்காரர் நிற்கும் நாட்களில்
நாங்கள் வாய்விட்டுச் சண்டை பிடிப்போம்.
தமிழ் ஆட்கள் என்றால் குரலைத் தாழ்த்துவோம்.
எஞ்சின் லீசிங்,
இரண்டு மாதம் பிந்திய கட்டுக்காசு,
எனக்குத் தெரியாமல் தங்கைக்குக் கொடுத்த சங்கிலி.

போன மாசியில் பண்டாரவளையில் இருந்து
ஒரு ரீச்சர் வந்தா. கோகிலவாணி.
இரண்டு இரவு. தனிய.
நண்டுக்காலை உடைக்கத் தெரியாது,
நான்தான் உடைத்துக் கொடுத்தேன்.
போன பிறகு தலையணைக்குக் கீழே
ஐயாயிரம், நாலாக மடித்து.
விட்டுவிட்டுப் போய்விட்டா என்று பதறி
போன் எடுத்தேன்.
'உங்கட நண்டுக் குழம்புக்கு அக்கா' என்றா.
ஒரு கிழமை நான் நிலத்தில் நடக்கவில்லை.
பக்கத்து வீட்டு பிலோமினாவுக்குச் சொன்னேன்,
பங்குத்தந்தைக்குச் சொன்னேன்,
தூள் இடிக்கும் மில்லில்கூடச் சொன்னேன்.

இந்த ஆவணியில்
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு, ஸ்கான் றிப்போட் எடுக்க.
புங்குடுதீவு தாண்ட பஸ்சுக்குக் காற்றுப் போனது.
குறிகட்டுவானில் இறங்க
படகு முதுகு காட்டிக்கொண்டு போகிறது.
திரும்ப அதே பஸ்.
பஸ்நிலையத்துக்குப் பின்னால் ஒரு லொட்ஜ்,
இரண்டாயிரத்து இருநூறு, சாப்பாடு இல்லை.
'பெயர்?'
யசிந்தா எமிலியான்.
'தனியாகவா?'
என் அறைக்கு வருகிறவர்களிடம்
நானும் இதைத்தான் கேட்கிறேன், இதே முகத்தோடு.

நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக
காசு கொடுத்து ஒரு கட்டில்.
கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன்: தூசி.
வாளியில் வெடிப்பு.
கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டு.
நுளம்புவலையில் மூன்று ஓட்டை,
ஒன்றை என் ஊசியால் குத்தி மூடினேன்.
பைப்பைத் திறந்து நக்கிப் பார்த்தேன்.
நல்ல தண்ணீர்.
கொஞ்சம் எரிச்சல் வந்தது.

பத்தரைக்கு மேல் சுவருக்கு அந்தப்பக்கம் கதை.
மனேச்சரும் மனைவியும்.
மெதுவாகத்தான் கதைத்தார்கள், மிக மெதுவாக,
வாடகை, மகளின் ரியூசன் காசு,
'சத்தம் போடாதை, ஆள் நிக்கிது.'
ஆள் நின்றது.
ஆள் மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடந்தது,
திரும்பிப் படுத்தால் கட்டில் கிறீச்சிடும் என்று.

அப்போதுதான்
நாலாக மடித்த அந்த ஐயாயிரம்
வயிற்றுக்குள் விரிந்தது.

நண்டுக் குழம்புக்கு!
சங்கிலிக் கதையும் கேட்டிருப்பா.
நான் அழுததும்.
அடுத்த நாள் காலை இடியப்பம் வைக்க
என் கண்ணைப் பார்க்காமல்
சொதி நல்லாயிருக்கு என்றா.

விடிய எழும்பிப் படுக்கைவிரிப்பை மடித்தேன்.
யாரும் மடிப்பதில்லை, எனக்குத் தெரியும்.
காசு வைக்க என்னிடம் காசு இல்லை,
பஸ்சுக்கும் படகுக்கும் எண்ணி வைத்தது.
திறப்பை மேசையில் வைத்தேன்.
மனேச்சரின் மனைவி கண் வீங்கி நின்றா.
'நித்திரை வந்ததோ அக்கா?'
அடிச்சுப் போட்டது போல் தூங்கினேன் என்றேன்,
எல்லோரும் என்னிடம் சொல்வதைப் போல.